நிற்கும் வண்டியும் நில்லா வண்டியும்

சில ஆண்டுகளுக்கு முன், நியூயார்க் நகரத்தில் பிராட்வே வீதியை 86-ஆம் தெரு வெட்டிச் செல்லும் முனைக்கு அருகே குடியிருந்த என் தமக்கை மகனின் வீட்டில் ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை ஊர் சுற்றிக் களைத்துப்போய், டைம்ஸ் சதுக்கத்துச் சுரங்க நிலையத்தில், எங்களை வீட்டு முனையிலேயே கொண்டுபோய் விடக்கூடிய 1-ஆம் எண் லோக்கல் வண்டியில் ஏறி, அபூர்வமாகக் காலியாயிருந்த இரண்டு இடங்களைப் பிடித்து உட்கார்ந்தோம். எதிர் இருக்கையில் ஒரு மூதாட்டி, மண் தொட்டியோடு சிறு செடி ஒன்றை மடியில் இருத்தி, குழந்தையை அணைப்பதுபோல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். அந்த க்ஷணத்தில் மேடையின் மறுபக்கத்தில் 2-ஆம் எண் எக்ஸ்பிரஸ் பேரிரைச்சலோடு வந்து நின்றது. "மாமா, எழுந்திருங்க, எக்ஸ்பிரஸ் வந்துட்டுது! 72-இல மாறிக்கலாம்" என்று பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். ஓடினோம், ஏறினோம், நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றோம். 50, 59, 66 ஆகிய தெருக்களின் நிலையங்கள் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சக் கோடுகளாய்ப் பின்னால் ஓடின. 72-ஆம் தெருவில் வெற்றி வீரர்களைப்போல் இறங்கி, லோக்கலுக்காக மூன்று நிமிடம் நின்றோம். லோக்கல் வந்தது. கதவு திறந்தது. உள்ளே அதே மூதாட்டி, அதே செடி. நாங்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் மட்டும் வேறு இருவர்.

பையன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஊரில் இது தினப்படி நடக்கிற விஷயம் என்றும், நூறு முறை இப்படிச் செய்தால் நாற்பது முறையாவது முன்னால் போன வேறொரு லோக்கலை எட்டிப் பிடித்துவிடலாம் என்றும், அந்த நாற்பதின் ஞாபகந்தான் மற்ற அறுபதையும் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்றும் சொன்னான். அவன் சொன்ன எண்ணிக்கைக்கு ஆதாரம் ஏதும் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் செடி என் மனத்தில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் இந்த எக்ஸ்பிரஸ், லோக்கல் விவகாரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

உலகத்துப் பாதாள ரயில்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். எல்லா வண்டிகளும் எல்லா நிலையங்களிலும் நிற்கும். முன்னால் போகிற வண்டியைப் பின்னால் வருகிற வண்டி தாண்ட வழியில்லை. நியூயார்க்கில் ரயில் போட முனைந்தபோது தலைமைப் பொறியாளராயிருந்த வில்லியம் பார்க்லே பார்சன்ஸ், 1894-இல் ஐரோப்பிய நகரங்களுக்குப் போய் அங்குள்ள ரயில்களையெல்லாம் பார்வையிட்டுவந்து, மன்ஹாட்டன் தீவின் தன்மைக்கு அவை போதா என்று கண்டார். அத்தீவு வாழைப்பட்டையைப்போல் நீண்டு குறுகியது. வேலை தெற்கே, வீடு வடக்கே. காலையில் ஜனங்கள் அனைவரும் ஒரே திசையில் நெடுந்தூரம் போகிறார்கள், மாலையில் அத்தனை தூரமும் திரும்புகிறார்கள். ஆகவே தெருவைத் தோண்டி, பள்ளத்துக்குள் பாதை அமைத்து, மேலே மூடிவிடும் முறையைக் கைக்கொண்டு, ஆழமில்லாத அந்த அகன்ற பள்ளத்தில் தண்டவாளங்களை நான்காக வகுத்தார்: ஓரத்து இரண்டும் கால் மைலுக்கொரு தரம் நிற்கும் லோக்கலுக்கு, நடு இரண்டும் எக்ஸ்பிரஸுக்கு. 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி திறக்கப்பட்ட முதல் பாதை சுமார் 9 மைல் நீளமும் 28 நிலையங்களும் கொண்டது. அதில் தென்பகுதியிலிருந்து 96-ஆம் தெரு வரையில் இந்த நான்கு தண்டவாளங்களும் ஓடின. கட்டணம் 5 சென்ட். திறப்பு விழாவன்று, வண்டியை இயக்கிவைக்கச் சம்பிரதாயமாக வெள்ளிக் கைப்பிடி ஒன்றைப் பெற்றுக்கொண்ட மேயர் ஜார்ஜ் மக்லெல்லன், கொஞ்ச தூரத்தில் அதை உரியவரிடம் ஒப்படைப்பதற்குப் பதிலாக, பக்கத்திலிருந்த அதிகாரிகள் பதைபதைக்க 103-ஆம் தெரு வரையில் தாமே ஓட்டிக்கொண்டு போனார் என்பது அவ்வூர்ச் சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. வேகத்தின் ருசி முதல் நாளே, முதல் பிரயாணிக்கே தலைக்கேறிவிட்டது.

நான்கு தண்டவாளம் என்பது அந்நகரத்தின் பெரும் பாக்கியம். எக்ஸ்பிரஸ் நிற்கும் நிலையங்களில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஒரே மேடை. ஒரு பக்கம் லோக்கல், மறு பக்கம் எக்ஸ்பிரஸ். பத்தடி நடந்தால் மாறிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நின்று, கதவுகள் எதிரும் புதிருமாகத் திறந்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக ஜனங்கள் கடந்து போகும் காட்சி, இரண்டு ஆறுகள் ஒரு நிமிடம் கலந்து பிரிவதைப்போல் இருக்கும். வண்டியின் நடுவிலுள்ள கண்டக்டர் ஜன்னலைத் திறந்து, மேடைக்கு மேலே தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகை ஒன்றைத் தவறாமல் விரலால் சுட்டிக்காட்டுவார். வண்டி மேடைக்கு முழுதும் நேராக நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். சுட்டிய பிறகுதான் கதவு திறக்கும். மூடும் நேரந்தான் மனிதர்களின் கையிலிருக்கிறது. ஓடிவருகிறவன் முகத்தைப் பார்த்து அரைக் கணம் பொறுக்கிற கண்டக்டர்களையும் கண்டேன், பொறுக்காதவர்களையும் கண்டேன்.

இந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடக்கும் இடங்களில் எக்ஸ்பிரஸின் அழகே தனி. எட்டாம் அவென்யூ பாதையில் 1932 முதல் ஓடும் 'ஏ' வண்டி, 59-ஆம் தெருவை விட்டால் ஹார்லெமின் 125-ஆம் தெருவில்தான் நிற்கும். நடுவிலே அறுபத்தாறு தெருக்கள், மத்தியப் பூங்காவின் முழு நீளம், ஏழு நிலையங்கள், எதற்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. டியூக் எலிங்டனின் குழு 1941-இல் இசைத்தட்டாக வெளியிட்ட, பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றிய புகழ்பெற்ற உருப்படி இந்த வண்டியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. லோக்கலைப் பற்றி அப்படி ஒரு சங்கீதம் பிறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நின்று நின்று போகிறவர்களைப் பற்றி யார் பாடுவார்கள்?

ஆனால் வேகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். வண்டி ஒரு நிலையத்தில் நிற்பதென்றால் வேகத்தைக் குறைக்கவேண்டும், கதவைத் திறந்து மூடவேண்டும், மீண்டும் வேகம் எடுக்கவேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஐந்து நிலையங்களை விட்டுச் செல்லும் எக்ஸ்பிரஸ், தன் பிரயாணிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எதையும் சம்பாதித்துக் கொடுத்துவிட முடியாது. இந்தப் பக்கத்தில் அந்த ஐந்து நிமிடம். அந்தப் பக்கத்தில், கைக்கு எட்டிய லோக்கலை அனுப்பிவிட்டு எக்ஸ்பிரஸுக்காக நின்ற நேரம், இறங்கி மாறி மறுபடியும் லோக்கலுக்காக நின்ற நேரம், இருக்கையை இழந்த சிரமம். தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பது தூரத்தைப் பொறுத்தது. பத்து மைல் போகிறவனுக்கு எக்ஸ்பிரஸ் தெய்வம். இரண்டு மைல் போகிறவனுக்கு அது பெரும்பாலும் ஒரு மயக்கம்.

மயக்கம் என்று நான் சொல்வதற்கு க்வீன்ஸ் பகுதியில் நடந்த ஒன்று சாட்சி. அங்கே ரூஸ்வெல்ட் அவென்யூ நிலையத்துக்கும் க்வீன்ஸ் பிளாசாவுக்கும் இடையில் எக்ஸ்பிரஸ் தவிர்ப்பது ஐந்தே நிலையங்கள். 2001-ஆம் ஆண்டு டிசம்பரில், நெரிசல் மிகுந்த அந்தப் பாதையின் பாரத்தைக் குறைப்பதற்காக 'வி' என்ற புதிய லோக்கல் வண்டியை விட்டார்கள். அதுவும் மன்ஹாட்டனின் மையத்துக்கே போயிற்று. இடம் இருந்தது, காற்று இருந்தது. ஆனால் ஜனங்களோ லோக்கலில் உட்கார்ந்து வந்தவர்கள்கூட ரூஸ்வெல்ட் அவென்யூவில் எழுந்து, மேடையைக் கடந்து, மூச்சு முட்டும் 'இ' எக்ஸ்பிரஸுக்குள் தங்களைத் திணித்துக்கொண்டார்கள். 2010-இல் 'வி' நிறுத்தப்பட்டது. அதன் வேலையை 'எம்' என்ற வண்டி எடுத்துக்கொண்டது. நகர்ந்துகொண்டிருக்கும் நிமிடம் மனிதனுக்குச் சிறிதாகவும், நின்றுகொண்டிருக்கும் நிமிடம் பெரிதாகவும் தோன்றுகிறது. ஐந்து முறை நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு முறையும் நில்லாத வண்டியில் பிறர் முழங்கை விலாவில் இடிக்க நிற்பதே மேல் என்று புத்திசாலிகளும் தீர்மானித்துவிடுகிறார்கள். என் மருமகன் கணிதம் படித்தவன்.

நான்கு தண்டவாளம் இல்லாத இடங்களில் விஷயம் இன்னும் சங்கடமாகிறது. க்வீன்ஸில் உயரத் தூண்களின்மேல் ஃப்ளஷிங் வரை ஓடும் 7-ஆம் எண் பாதைக்குத் தண்டவாளங்கள் மூன்று. நடுத் தண்டவாளம் காலையில் மன்ஹாட்டன் போகும் எக்ஸ்பிரஸுக்கும், மாலையில் அங்கிருந்து திரும்பும் எக்ஸ்பிரஸுக்கும் உரியது. லோக்கலுக்குப் பச்சை வட்டம், எக்ஸ்பிரஸுக்குச் சிவப்புச் சாய்சதுரம் என்று வண்டியின் பக்கவாட்டில் விளக்கெரியும். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறவனுக்குச் சிவப்பு விளக்கின் தரிசனமே இல்லை. தென்கொரியாவின் சோல் நகரில் 2009-இல் திறந்த 9-ஆம் எண் பாதையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே தண்டவாளங்கள். நம் ஊரில் மெயிலுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் வண்டி லூப் லைனில் தவம் கிடப்பதைப்போல், அங்கே லோக்கல் சில நிலையங்களில் ஒதுங்கி நின்று எக்ஸ்பிரஸை முன்னே விடுகிறது. விளைவு, எல்லாரும் எக்ஸ்பிரஸிலேயே ஏறினார்கள். நான்கு பெட்டி வண்டிகளோடு ஆரம்பித்தவர்கள், தாளமுடியாமல் 2019-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அனைத்தையும் ஆறு பெட்டியாக்கினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நிலையத்தில் நிற்கும் இரட்டை வண்டி உபாயத்தையும் நியூயார்க் பரீட்சித்துப் பார்த்தது; பிராட்வே பாதையின் வடகோடியில் 1-ஆம் எண்ணும் 9-ஆம் எண்ணும் 1989 முதல் 2005 வரை அப்படித் தாவித் தாவி ஓடின. இவனுடைய நிலையத்தில் அது நிற்காது, அவனுடைய நிலையத்தில் இது நிற்காது. வண்டிக்கு மிஞ்சிய நேரத்தை மேடையில் நின்றவர்கள் கொடுத்துத் தீர்த்தார்கள்.

இவையெல்லாவற்றையும்விட நான் ஆழ்ந்து வாசித்தது புரூக்ளினில் ஓடும் 'எஃப்' வண்டியின் வழக்கு. வழக்கு என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். இரு கட்சிகள் உண்டு, இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கடற்கரையான கோனி தீவிலிருந்து புறப்பட்டு மன்ஹாட்டன் வழியாக க்வீன்ஸ் வரை செல்லும் அந்தப் பாதையில், சர்ச் அவென்யூவுக்கும் ஜே தெருவுக்கும் இடையே 1930-களில் கட்டும்போதே எக்ஸ்பிரஸ் தண்டவாளங்களையும் போட்டுவைத்தார்கள். லோக்கல் தண்டவாளம் புராஸ்பெக்ட் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகும். எக்ஸ்பிரஸ் தண்டவாளம் பூங்காவுக்கு அடியிலேயே நேராகப் பாயும். பெர்கன் தெரு நிலையத்தில் எக்ஸ்பிரஸுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு மேடைகூட உண்டு. 1960-களின் பிற்பகுதியில் அவற்றில் எக்ஸ்பிரஸும் ஓடியது. 1976-இல், பணமுடையும் தவிர்க்கப்பட்ட நிலையத்தாரின் முறையீடும் சேர்ந்து அதை நிறுத்தின. அதன் பிறகு அத்தண்டவாளங்கள், கலியாணத்துக்கு எடுத்து ஒருமுறை உடுத்திய பட்டைப்போல் பெரும்பாலும் சும்மா கிடந்தன.

கோனி தீவுப் பக்கத்தில், கிங்ஸ் ஹைவே முதலான இடங்களில் குடியிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், போட்ட தண்டவாளம் இருக்க ஏன் எங்களை ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்துகிறீர்கள் என்று பல்லாண்டுகளாகக் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் புதிதாக வண்டி விடமுடியுமா என்றால், முடியாது. 'எஃப்' வண்டி க்வீன்ஸில் 'இ' வண்டியோடும், மன்ஹாட்டனில் 'எம்' வண்டியோடும் தண்டவாளத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. நெரிசல் நேரத்தில் அங்கே இன்னொரு வண்டியை நுழைக்க இடமில்லை. எனவே புரூக்ளினில் ஓர் எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால், ஓடுகிற லோக்கல் ஒன்றின் பெயரை மாற்றித்தான் விடவேண்டும். வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

கணக்குக்காக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடைக்கு எப்போது வந்தாலும் சராசரியாக இரண்டரை நிமிடம் நிற்கவேண்டியிருக்கும். வண்டிகளில் பாதியை எக்ஸ்பிரஸாக்கினால், இடையிலுள்ள ஆறு நிலையங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் நிற்கும். சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடமாகும். ஆகவே அந்த நிலையத்தானுக்கு நஷ்டம் இரண்டரை நிமிடம். தூரத்தில் ஏறுகிறவனுக்கு? ஆறு நிலையங்களைத் தவிர்த்தால் ஆறு நிமிடம் மிச்சம். ஆனால் அவனுக்கு முதலில் வருவது எக்ஸ்பிரஸாகவும் இருக்கலாம், லோக்கலாகவும் இருக்கலாம். எனவே சராசரி லாபம் மூன்று நிமிடம். மூன்று நிமிட லாபம் ஒருவனுக்கு, இரண்டரை நிமிட நஷ்டம் மற்றவனுக்கு! இனி எந்தப் பக்கத்தில் தலைகள் அதிகம் என்று எண்ணுவதொன்றே பாக்கி. கெரல் தெரு, பெர்கன் தெரு ஆகியவையோ ஜனங்கள் அடர்ந்த பேட்டைகள். இதற்குமேல், ஒரு வண்டி வரும் இடத்தில் இரண்டு வண்டிக் கூட்டம் சேர்ந்து நின்றால் லோக்கலின் கதவு மூட நேரமாகும், அது பின்தங்கும்; பூங்காவுக்கடியில் பறந்துவந்த எக்ஸ்பிரஸ், இரு தண்டவாளங்களும் ஒன்றாகும் இடத்தில் அந்தப் பின்தங்கிய லோக்கலுக்காகச் சிவப்பு விளக்கின் முன் நிற்கும். ஆறு நிலையங்களிலும் 'ஜி' என்ற வேறொரு வண்டியும் நிற்கிறதே என்று கேட்கலாம். அது மன்ஹாட்டனுக்குள் நுழைவதேயில்லை.

2016-இல் போக்குவரத்து அதிகாரிகள் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தொலைவில் உள்ளவர்களுக்குச் சில நிமிடம் லாபம், இடையில் உள்ளவர்களுக்குக் கூடுதல் காத்திருப்பு என்று அதுவும் அளந்து காட்டிற்று. இருதரப்பும் பொதுக்கூட்டங்களில் வாதாடிய பிறகு, 2019 செப்டம்பரில் வந்த தீர்ப்பு மரியாதை ராமன் கதைகளில் வரத்தக்கது: காலையில் மன்ஹாட்டனை நோக்கி இரண்டு எக்ஸ்பிரஸ், மாலையில் திரும்பி இரண்டு எக்ஸ்பிரஸ், மற்றவை பழையபடி லோக்கல். நான்கே வண்டிகள்! இரு தரப்பாரும் அதிருப்தியாயிருந்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. நேரம் குறித்து வரும் வண்டி என்றால், தூரத்தான் கடிகாரத்தைப் பார்த்து அதற்கேற்ப வீட்டை விட்டுப் புறப்படுவான். நடுவிலிருப்பவனும் அந்த இரண்டு வண்டிகளின் வேளையை அறிந்து ஒதுங்கிக்கொள்வான். நாள் முழுவதும் பாதிக்குப் பாதி என்று பிரித்திருந்தால், நிச்சயமாக ஓர் அநியாயம் ஸ்திரமாகியிருக்கும். என் அபிப்பிராயத்தில், வண்டிகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் பாதைகளில் எக்ஸ்பிரஸ் பேச்சையே எடுக்கலாகாது. அங்கே ஜனங்களுக்கு வேண்டியது அடிக்கடி வரும் வண்டியே தவிர, விரைந்து போகும் வண்டியன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்பிரஸ் நில்லாத ஒவ்வொரு நிலையத்தாரும், எங்கள் ஊரில் மட்டும் நின்றால் என்ன என்று மனுப்போடுவார்கள். லெக்சிங்டன் அவென்யூ பாதையின் 59-ஆம் தெரு, பல்லாண்டு லோக்கல் நிலையமாயிருந்து, 1962-இல் கீழே புதிய மேடை கட்டப்பெற்று எக்ஸ்பிரஸ் நிலையமாயிற்று. பல பாதைகள் கூடும் அந்த இடத்துக்கு அது தகும். எல்லா மனுக்களையும் ஏற்றுக்கொண்டால் கடைசியில் எக்ஸ்பிரஸ் என்பது பெயரளவில் எக்ஸ்பிரஸாகிவிடும். நம்மூர்ப் பேருந்துகளின் நெற்றியில் ஒட்டியிருக்கும் சில வார்த்தைகளை நினைத்துக்கொள்ளலாம். நேர்மாறான வழியும் ஒன்று உண்டு. பையன் வீட்டு நிலையத்தைத் தாண்டி வடக்கே போகும் லோக்கலில், ஜன்னலோடு முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தால், 86-க்கும் 96-க்கும் நடுவே கிறுக்கல்கள் நிறைந்த ஓர் இருண்ட மேடை சில விநாடிகள் தெரியும். அது 91-ஆம் தெரு நிலையம். நீண்ட வண்டிகளுக்காக 96-ஆம் தெரு மேடையை நீட்டி, அதன் வாசல் பக்கத்துத் தெருக்கள்வரை வந்துவிட்டதனால், இது வேண்டாததாகி 1959-இல் மூடப்பட்டது. ஒரு நிலையம் செத்து, அதற்கு வடக்கேயுள்ள அத்தனை லோக்கல் பிரயாணிகளுக்கும் தினம் ஒரு நிமிடத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த நிமிடத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் மட்டும் காலையில் புறப்பட்டு, 'எஃப்' பாதையில் ஸ்மித், ஒன்பதாம் தெருக்கள் நிலையத்துக்குப் போனேன். கீழேயுள்ள கோவானஸ் கால்வாயில் ஒரு காலத்தில் உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் போகவேண்டியிருந்ததால், ஏறக்குறைய 87 அடி உயரத்தில் கட்டப்பட்டிருக்கும் அந்நிலையத்தில் காற்று ஆளைத் தள்ளியது. துறைமுகம் தெரிந்தது. மேடையில் முப்பது நாற்பது பேர்; ஒரு பெண், காப்பிக் கோப்பையை இடது கையிலும் மகனின் புத்தகப் பையை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே இரைச்சல் கேட்டது. எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். நடுத் தண்டவாளத்தில், சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுதிய 'எஃப்' தெரிய, நிறைந்த பெட்டிகளோடு எக்ஸ்பிரஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் எல்லாம் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அடுத்து வந்தது 'ஜி'. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, காப்பியை ஒரு வாய் குடித்தாள்.